கண்ணகி மலைக்கு நாள் குறிக்கும் நிலவு

சித்திரைப் பௌர்ணமி நெருங்கிவிட்டால் அனுமந்தன்பட்டி வழியாகப் போகும் குமுளி சாலைக்கு ஓய்வு கிடையாது. உத்தமபாளையம் பக்கமிருந்து வரும் வேன்களும் பேருந்துகளும் கம்பத்தைத் தாண்டி, கூடலூரைத் தாண்டி, மலையடிவாரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். நடக்கத் துணிந்தவர்கள் லோயர் கேம்ப் அருகே பளியன்குடியில் இறங்கி, காட்டுப் பாதையில் ஆறேழு கிலோமீட்டர் ஏறுவார்கள். முடியாதவர்கள் குமுளிக்குப் போய் ஜீப் பிடிப்பார்கள். இரு வழியும் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: தமிழக, கேரள எல்லையில், ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டம்.

சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம். ஆண்டு முழுவதும் அங்கே மனிதர் கால் வைக்க முடியாது. வழிபாட்டுக்காக மலை திறப்பது ஒரே ஒரு நாள். விடிந்த பிறகே ஏற விடுவார்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி ஏற்பாடுகளை முடிவு செய்கின்றன. கம்பத்தைச் சேர்ந்த மங்கலதேவி கண்ணகி அறக்கட்டளையினருக்கு இந்த ஒரு நாளுக்கான வேலை வெகு முன்பே தொடங்கிவிடும். பாதைக்கும் குடிநீருக்கும் கோரிக்கை வைப்பதிலிருந்து பூசைப் பொருள், சாப்பாடு வரை பார்த்தாக வேண்டும். இடிந்து கிடக்கும் கற்கோவிலில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அந்தக் கற்களுக்கு நடுவே, சந்தனக்காப்பில் கண்ணகி அன்று ஒரு நாள் காட்சி தருகிறாள்.

இடைக்காலத்தைக் கொண்டாடும் விழாக்கள் ஐரோப்பாவில் நிறைய உண்டு. சுவீடனின் விஸ்பி நகரில் 1984 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் இடைக்கால வாரம் நடக்கிறது. மரபுக் குழுக்கள் கவசம் பூண்டு, அந்தக் காலத்து உணவைச் சமைத்து, 600 ஆண்டுகளுக்கு முந்தைய வாழ்க்கையை நடித்துக் காட்டுகின்றன. அன்போடும் உழைப்போடும் செய்யப்படுகிற காரியம் அது. ஆனால் அங்கே இடைக்காலம் ஒருமுறை முடிந்துபோய், பிறகு மீட்டெடுக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் மரபுக் குழு மலையேறும்போது யாரும் வேடம் போடுவதில்லை. கட்டுவது இன்றைய வேட்டி சேலை, ஏறிப் போவது இன்றைய ஜீப். இடைக்காலத்திலிருந்து அறுபடாமல் வந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று: அந்த நாளைக் குறித்துக் கொடுக்கும் கணக்கு. என்னைக் கேட்டால், இந்த விழாவில் கல்வெட்டுக்குச் சமமாகப் பாதுகாக்க வேண்டிய தொல்பொருள் அந்தக் கணக்குதான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மலைக்குப் போகாதவருக்கும் மலைப்பு வரும்.

முதலில், ஏன் பௌர்ணமி? அனுமந்தன்பட்டியில் நின்று பார்த்தால் இதற்கு விடை எளிதாகக் கிடைக்கும். ஊருக்கு மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை. பௌர்ணமி என்பது சூரியனும் நிலவும் பூமிக்கு நேர் எதிரெதிர் பக்கங்களில் நிற்கும் நிலை. ஆகவே சூரியன் ஏலமலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தை ஒட்டியே நிலவு மேகமலைப் பக்கம் எழுகிறது. அது மறைவதும் மறுநாள் சூரியன் எழும் நேரத்தில்தான். இரவின் ஒரு நாழிகைகூட இருட்டாக இல்லாத நாள் மாதத்தில் இது ஒன்றே. வெளிச்சத்தின் அளவிலும் ஒரு வியப்பு இருக்கிறது. அரை நிலவு முழு நிலவில் பாதி ஒளி தரும் என்றுதான் நினைப்போம். உண்மையில் அது தருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அரை நிலவின்மீது வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுவதால் அங்குள்ள மேடுகளும் கற்களும் தங்கள் நிழலாலேயே தரையை மறைத்துக்கொள்கின்றன. முழு நிலவின்போது சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கிறது; நிழல்கள் எல்லாம் பொருள்களுக்குப் பின்னே ஒளிந்துவிட, நிலவின் முகம் முழுவதும் நம் பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தெருவிளக்கு இல்லாத காலத்தில் காட்டு வழியே கூட்டமாக நடந்து கோவிலுக்குப் போனவர்கள் தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் வைகாசி விசாகத்தையும் முழு நிலவை ஒட்டி வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. கண்ணகி கோட்டத்தில் இன்று மாலைக்குள் இறங்கிவிடச் சொல்வதால், விழாவுக்குப் பெயர் கொடுத்த நிலவை மலையேறியவர்கள் பள்ளத்தாக்குக்குத் திரும்பிய பிறகுதான் பார்க்கிறார்கள்.

நாள் ஆண்டுக்கு ஆண்டு தாவுவதைக் கவனித்திருப்பீர்கள். 2022இல் ஏப்ரல் 16, 2023இல் மே 5, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. இந்தத் தாவலில் ஒழுங்கு இல்லை என்று தோன்றும். இடைப்பட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள்: 384, 354, 384. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு பௌர்ணமிக்கு 354 நாள், பதின்மூன்றுக்கு 384. சூரியனை வைத்து எண்ணும் ஆண்டைவிடப் பன்னிரண்டு நிலவு மாதங்கள் 11 நாள் குறைவு என்பதால் விழா ஆண்டுதோறும் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னே வரும். அப்படி வந்து வந்து, சித்திரை மாதத்தின் வாசலைத் தாண்டிப் பங்குனிக்குள் நழுவப் பார்க்கும்போது இன்னொரு நிலவைச் சேர்த்துக்கொண்டு மாதக் கடைசிக்குத் தாவிவிடும். 19 ஆண்டுகளில் 235 பௌர்ணமிகள் அடங்குகின்றன. அதனால் 19 ஆண்டுக்கு ஒருமுறை நாள் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து சேரும். 2005இல் சித்திரை மாதத்தின் முழு நிலவு ஏப்ரல் 24. 2024இல் விழா ஏப்ரல் 23.

இதே கணக்கு அனுமந்தன்பட்டியில் இன்னொரு வாசல் வழியாகவும் நுழைகிறது. ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுடைய ஈஸ்டரும் நிலவைப் பார்த்து முடிவாவதுதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. ஐரோப்பாவின் இடைக்காலத் துறவிகள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கு இது. அதில் சேர்ந்துபோன பிழையைத் திருத்தத்தான் 1582இல் போப் கிரிகோரி நாட்காட்டியையே மாற்றினார். பெரும்பாலான ஆண்டுகளில் ஈஸ்டருக்கு உரிய நிலவு வேறு, கண்ணகிக்கு உரிய நிலவு வேறு. 2022இல் இரண்டும் ஒரே நிலவாக அமைந்தன. கொரோனாவால் இரண்டு ஆண்டு நின்றுபோன கண்ணகி விழா ஏப்ரல் 16, சனிக்கிழமை நடந்தது, மறுநாள் ஈஸ்டர். இரண்டு மரபுகள், இரண்டு கண்டங்களின் கணக்கு முறைகள், ஒரே வார இறுதி. இதே பள்ளத்தாக்கின் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவோ நிலவைப் பொருட்படுத்துவதில்லை. சித்திரை மாதக் கடைசிச் செவ்வாயில் தொடங்கும் அது, சூரியனையும் கிழமையையும் மட்டுமே நம்புகிறது.

அடுத்து, ஏன் சித்திரை? நிலவு ஒரு மாதத்தில் வானைச் சுற்றி வரும் பாதையில் 27 நட்சத்திரங்களை நம் முன்னோர் மைல்கல் போல நட்டு வைத்தார்கள். முழு நிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ அதன் பெயர் மாதத்துக்கு. சித்திரை நட்சத்திரம் கன்னி ராசியில் நீல வெள்ளை நிறத்தில் மின்னும். மேலைநாட்டார் அதை ஸ்பைக்கா என்பார்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது உண்மையில் இரண்டு பெரிய விண்மீன்கள். நான்கே நாளில் ஒன்றையொன்று சுற்றிவிடும் அளவுக்கு நெருக்கம். அந்த நெருக்கத்தின் இழுப்பில் இரண்டுமே உருண்டை வடிவம் கெட்டு முட்டை வடிவில் நீண்டிருக்கின்றன. பெரிய விண்மீனின் மேற்பரப்பு 20,000 பாகைக்கும் மேல் கொதிக்கிறது. சூரியனின் மேற்பரப்போ 6,000 பாகைக்கும் குறைவு. தொலைவு ஏறக்குறைய 250 ஒளியாண்டு. வானில் சூரியன் நகரும் பாதைக்கு இரண்டே பாகை தள்ளி இருப்பதால், சில காலங்களில் நிலவு இதை மறைத்துக்கொண்டும் போகும்.

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இந்த நட்சத்திரம் புதிதல்ல. புகாரில் இந்திர விழா எடுப்பது சித்திரைத் திங்களில், சித்திரை மீனோடு நிலவு சேரும் நாளில் என்று அந்தக் காப்பியமே சொல்கிறது. அந்த விழாவின் முடிவில்தான் கடற்கரையில் கோவலன் மாதவியைப் பிரிகிறான். கண்ணகியின் துயரக் கதை மதுரைப் பக்கம் திரும்புவதும் அங்கிருந்துதான். ஆனால் மதுரை எரிந்ததாக நூல் சொல்லும் காலம் ஆடி மாதத் தேய்பிறை. அதிலிருந்து 14 நாள் கழித்து, மேற்கு மலையில் வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகி விண்ணேறுகிறாள். அப்படியானால் நூலின்படி அவள் விண்ணேறிய காலத்துக்கும் இன்றைய விழா நாளுக்கும் சில மாத இடைவெளி இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு என் கணிப்பு ஒன்று உண்டு. ஆடியில் அந்த மலைமுகடு தென்மேற்குப் பருவமழையின் பிடியில் இருக்கும். மூடுபனியும் வழுக்குப் பாறையும் அட்டையுமாக இருக்கும் அந்தப் பாதையில் பெருங்கூட்டம் ஏற முடியாது, வானமும் தெரியாது. கோடை மழைக்கு இடையே வானம் திறந்திருக்கும் சித்திரை, ஏறுவதற்கு ஏற்ற காலம். மக்கள் வசதிக்காக விழா மாதம் மாறுவது நம் ஊரில் நடவாத காரியமல்ல. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் விழாவோடு சேர்த்தார் என்பது மதுரை மரபு. கண்ணகி மலையில் கூட்டம் ஏறுகிற அதே சித்திரைப் பௌர்ணமியின் விடியலில்தான் அங்கே அழகர் வைகையில் இறங்குகிறார்.

காப்பியத்தின் அந்த ஆடி மாதக் குறிப்பை வைத்து நூலின் காலத்தையே பிடித்துவிடப் பார்த்தவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. 700 முதல் 1799 வரையிலான ஒவ்வொரு நாளுக்கும் திதி, நட்சத்திரம், கிழமை கணக்கிட்டு 1922இல் பெரும் தொகுதிகளாக வெளியிட்ட மேதை அவர். மாதம், பிறை, திதி, நட்சத்திரம், கிழமை ஐந்தும் ஒத்துவரும் ஆண்டைத் தேடி, கி.பி. 756 என்றார். அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. இத்தகைய சேர்க்கை ஒரே ஒருமுறை மட்டும் வருவதில்லை. நூலின் சொற்களுக்கு எந்தப் பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். இருந்தாலும் ஒரு கவிதை வரியை வானத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம் என்ற துணிச்சலை அவரிடம்தான் கற்க வேண்டும். மலையில் இருக்கும் கோவில்தான் சிலம்பு சொல்லும் கோட்டம் என்று 1960களில் நிலைநாட்ட முயன்ற தஞ்சைக் கரந்தையின் தமிழறிஞர் சி. கோவிந்தராசனாரும் இதே துணிச்சல் உடையவர். காப்பியம் சொல்லும் வழியைக் காலால் நடந்து பார்த்தவர் அவர்.

இனி கணக்குக்கு வருவோம். பௌர்ணமி என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்ல 29.53 என்ற சராசரி போதாது. நிலவின் பாதை வட்டமல்ல, சற்றே நீண்ட வட்டம். பூமிக்கு அருகே வரும்போது ஏறக்குறைய 3,56,000 கிலோமீட்டர், விலகும்போது 4,06,000 கிலோமீட்டர் வரை போகும். அருகே வந்தால் வேகமாகவும் விலகினால் மெதுவாகவும் ஓடும். ஒரு நாளில் சில சமயம் 15 பாகை நகரும், சில சமயம் 12கூட நகராது. இதனால் பௌர்ணமி சராசரிக் கணக்கிலிருந்து அரை நாள்வரை முன்பின் தள்ளிப் போகும். விழாவுக்கு அரை நாள் பெரிய பிழை. ஊரே ஒரு நாள் தவறி மலையேறிவிடும்.

கணினியோ தொலைநோக்கியோ இல்லாத காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? நிலவு மெதுவான இடத்திலிருந்து கிளம்பி மீண்டும் மெதுவான இடத்துக்கு வர 27.55 நாள் ஆகிறது. முழு எண்ணாக இல்லாததால் இது தொல்லை. ஆனால் ஒன்பது சுற்றை ஒன்றாகச் சேர்த்தால் 247.99 நாள், அதாவது கால் மணி நேரம்கூடக் குறையாத 248 நாள். 248 நாளுக்கு ஒருமுறை நிலவு தன் வேக மாற்றங்களை அதே வரிசையில் மறுபடி செய்கிறது. அப்படியென்றால் 248 நாளுக்கும் நிலவு எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று ஒரே ஒருமுறை பட்டியல் போட்டால் போதும், என்றைக்கும் அது உதவும். அந்தப் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்ய வசதியாக 248 சிறு சமஸ்கிருதத் தொடர்களாக்கி வைத்தார்கள். வரருசி என்பவர் இயற்றியதாக மரபு சொல்கிறது. வாக்கியங்களால் ஆன கணக்கு என்பதால் வாக்கியப் பஞ்சாங்கம்.

தொடர்களுக்குள் எண் ஒளிந்திருக்கும் விதம் அழகானது. ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஓர் இலக்கம். க, ட, ப, ய நான்குக்கும் 1 என்று தொடங்குவதால் கடபயாதி முறை என்று பெயர். உயிரொலிக்கு மதிப்பில்லை, எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ‘தேவர’ என்ற சொல். அதில் சமஸ்கிருதத்தின் மெல்லிய ‘த’வுக்கு 8, ‘வ’வுக்கு 4, ‘ர’வுக்கு 2. திருப்பிப் படித்தால் 248. ‘கலானல’ என்றால் க 1, ல 3, ந 0, ல 3, திருப்பினால் 3031. இது 110 சுற்றுக்கு ஆகும் நாள், பிழை ஒரு நிமிடத்துக்குள். ‘ரசகைரிக’ என்றால் (இதில் ‘கை’ சமஸ்கிருதத்தின் மெல்லிய ஒலி) 12372; இது 449 சுற்று. பஞ்சாங்கம் கணிப்பவர் தொடக்க நாளிலிருந்து இன்றுவரை கழிந்த நாட்களை எடுத்துக்கொள்வார். அதிலிருந்து 12372ஐ எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை கழிப்பார். மீதியிலிருந்து 3031, அதன் மீதியிலிருந்து 248. கடைசியில் எஞ்சுவது 248க்குக் குறைவான ஓர் எண். 137 எஞ்சினால் 137ஆம் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வார். அதற்குள் நிலவின் இடம் இருக்கும். கூட்டலும் கழித்தலும்தான், சைன், கோசைன் எதுவும் தேவையில்லை.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களுக்கு அடிப்படையான ‘வாக்கியகரணம்’ என்ற நூல் ஏறக்குறைய 1300ஐ ஒட்டித் தமிழ்நிலப் பகுதியில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் முடிவு. நம் கண்ணகி மலையின் மறுபுறம், கேரளத்தில், 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் அதே 248 வாக்கியங்களை இன்னும் நுணுக்கமாகத் திருத்தி எழுதினார். முடிவிலாத் தொடர்களைக் கொண்டு பையின் மதிப்பைக் கண்ட அதே மாதவர்தான். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் அதன் திருத்தம். இரண்டு பக்கத்தாரும் ஒரே நாளில் ஒரே கோவிலுக்கு ஏறுகிறார்கள். 248 என்ற எண்ணோ இதைவிடப் பழையது. பாபிலோனின் களிமண் பலகைகளிலும் அது இருக்கிறது. யூப்ரடீஸ் கரையிலிருந்து எத்தனை கை மாறி அது காவிரிக் கரைக்கு வந்ததோ, வந்த பிறகு அதைத் தொலைக்காமல் வைத்துக்கொண்டவர்கள் நம்மவர்கள்.

இந்தக் கணக்கை வெளியார் சோதித்துப் பார்த்த கதை புதுச்சேரியில் நடந்தது. 1761இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கிளம்பிய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில், போர் காரணமாகக் கரையிறங்க முடியாமல் கடலிலேயே மாட்டிக்கொண்டார். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். அது 1769 ஜூன். நம் பருவமழைக்கு முந்தைய வானம். அன்று காலை மேகம் மூடிவிட்டது. அந்த வேதனைக்கு நடுவிலும் அவர் செய்த ஒரு நல்ல காரியம், அங்கிருந்த தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டதுதான். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை வைத்து ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் சிறந்தவையாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிக் காட்டின.

அடுத்து ஜான் வாரன். ஆங்கிலேயப் படையில் சேர்ந்து, சென்னை வானாய்வகத்திலும் பணிபுரிந்தவர். அவர் 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்ற நூலில், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைத் தன் முன்னால் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி இடம் மாற்றிக்கொண்டே, மனத்தில் இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி விடையை எடுத்தார். வானியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகெபார் 1952இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அவரைக் கவர்ந்தது துல்லியம் மட்டுமல்ல. ஏட்டில் செத்துப்போன பாபிலோனியக் கணக்கின் உறவு ஒன்று, சோழியும் கையுமாக உயிரோடு உட்கார்ந்திருந்தது. நமக்கு இது பெருமையாக மட்டும் இருந்தால் போதாது. 248 வாக்கியங்களையும் சொல்லிக் கணிக்கத் தெரிந்தவரின் குரலையும் கை அசைவையும் முறையாகப் பதிவு செய்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கோவில் கற்களைச் சீரமைக்கக் கேட்கும் அதே வாயால் இதையும் கேட்கலாம்.

பௌர்ணமித் திதி என்று பஞ்சாங்கத்தில் போடுவது முழு நிலவுக் கணத்தை அல்ல, அதற்கு முந்தைய ஓட்டத்தை. சூரியனுக்கும் நிலவுக்கும் இடைவெளி 168 பாகையிலிருந்து 180 ஆகும்வரை பௌர்ணமித் திதி. நிலவு வேகமாக ஓடினால் அது 20 மணி நேரத்தில் முடியும், மெதுவாகப் போனால் 26 மணிக்கும் மேல் நீளும். 2024இல் திதி ஏப்ரல் 23 விடியுமுன் தொடங்கி 24 விடியுமுன் முடிந்தது. முழு நிலவுக் கணம் 24ஆம் தேதி அதிகாலையில் விழுந்தாலும் கண்ணகிக்கு விழா 23ஆம் தேதி நடந்தது இதனால்தான். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் மதிப்புகளைப் பயன்படுத்தும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் வேறுபாடு வரும். சில ஆண்டுகளில் அது நாளையே மாற்றிவிடும். பழைய வாக்கியங்களில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சிறு பிழைகளின் விளைவு அது.

இதைவிடப் பெரிய நகர்வு ஒன்று யாரும் கவனிக்காமல் நடந்துகொண்டிருக்கிறது. பூமியின் அச்சு மெதுவாகத் தலை சுற்றுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டுபிடித்ததே சித்திரை நட்சத்திரத்தின் இடத்தைத் தனக்கு முந்தையவர்களின் அளவோடு ஒப்பிட்டுத்தான். இதனால் நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட 20 நிமிடம் நீளமானது. 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சித்திரை முதல் நாள் பருவத்திலிருந்து விலகிக்கொண்டே போகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரை பிறந்தது பகலும் இரவும் சமமான மார்ச் நாளில். இராசராச சோழன் காலத்தில், இன்றைய நாட்காட்டிப்படி சொன்னால், மார்ச் மாதக் கடைசி நாட்களில். இப்போது ஏப்ரல் 14. மேக்நாத் சாஹா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு நாட்டில் சுமார் 30 வகை நாட்காட்டிகள் புழங்குவதைக் கண்டு, அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு தொடக்கப் புள்ளியை வகுத்தது. வானத்தில் அதற்குப் பிடிமானமாகக் கொள்ளப்பட்டது சித்திரை நட்சத்திரம். அது 180 பாகையில் இருப்பதாக வைத்து மற்றவை எண்ணப்படுகின்றன. நகர்வு இப்படியே தொடர்ந்தால் இன்னும் 2,000 ஆண்டுகளில் சித்திரைப் பௌர்ணமி மே நடுவுக்கும் ஜூன் நடுவுக்கும் இடையே விழும். அப்போது பல ஆண்டுகளில் கண்ணகி மலையில் பருவமழை தொடங்கியிருக்கும். ஏறுவதற்கு ஏற்ற மாதமாக இருந்த சித்திரை, ஆடியின் தொல்லையைத் தானும் பெற்றுக்கொள்ளும்.

சித்திரை நட்சத்திரம் 180 பாகையில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி கிடைத்திருக்கிறது. சித்திரை முதல் நாள் சூரியன் நிற்பது பூச்சியம் பாகையில்; பிறகு நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் நகர்கிறது. முழு நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால் அதுவும் சித்திரை நட்சத்திரத்திலிருந்து அத்தனை பாகைதான் தள்ளி நிற்க வேண்டும். 2022இல் விழா சித்திரை 3ஆம் தேதி. நிலவும் நட்சத்திரமும் அடுத்தடுத்து நின்றன. 2025இல் சித்திரை 29. நிலவு கிட்டத்தட்ட 27 பாகை விலகி விசாகத்துக்கே போய்விட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த இரவில், சாலை விளக்கு படாத வயல் வரப்பில் நின்று இதை நீங்களே அளக்கலாம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை நீட்டிக்கொண்டே வந்தால் முதலில் ஆரஞ்சு நிறச் சுவாதி, அதையும் தாண்டினால் நீல வெள்ளைச் சித்திரை. முன்னிரவில் அது நிலவுக்கு மேலே, சற்று வலப்புறம் இருக்கும். கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நட்சத்திரத்திலிருந்து நிலவுவரை ஒரு முட்டி என்றால் சித்திரை பத்தாம் தேதியை ஒட்டி, இரண்டரை முட்டி என்றால் இருபத்தைந்தை ஒட்டி. நிலவின் பாதை ஐந்து பாகை வரை வடக்கிலோ தெற்கிலோ சாய்வதால் இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். இடைவெளி மிகக் குறைவான ஆண்டுகளில் இந்தப் பிழை சற்றுக் கூடுதலாகத் தெரியும்.